மூன்று கிளிப்புகளும் ஒரு காந்தமும்

இன்று காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, வாஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் எதிர்ப்பு எழவில்லை. திருப்புளியை வைத்ததும் திருகின் தலை துருவாக உதிர்ந்தது. பட்டை மட்டும் புதிது போலப் பளபளத்தது.

நான் வாங்கிவந்த பொட்டலத்தில் இதுபோல் நான்கு இருந்தன. மூன்று, நண்பா, உன் விமானத்துக்குப் போயின. மிஞ்சியது இது.

உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் ஒரு மூலையில், பழைய கார் எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் விமானம் கட்டினாய். துறைமுகத்தில் கிரேன் பழுது பார்த்தவன் வானத்துக்குப் போவதில் ஊருக்கு ஆட்சேபம் இல்லை. சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. நீயோ இறக்கையைவிடக் கிளிப்புகளுக்கே அதிகம் கவலைப்பட்டாய். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ரப்பர்க் குழாய்களை எட்டுக் கிளிப்புகள் பிடித்திருந்தன. ஒன்று விட்டாலும் எஞ்சின் கொதித்து நின்றுவிடும். "காருன்னா ஓரமா நிப்பாட்டலாம். மேல எங்கலே ஓரம் இருக்கு?"

கடைக்குக் காந்தத்தோடுதான் போவாய். பட்டை நல்ல எவர்சில்வராக இருக்கும். திருகில் காந்தம் ஒட்டினால் அது வெறும் இரும்பு, நம் ஊர் உப்புக்காற்றுக்குத் தாங்காது என்று ஒதுக்கிவிடுவாய். கடைக்காரர் நொந்துபோவார்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாவ."

"மாப்பிள்ளை சரியில்லேன்னா பிள்ள வீட்டுக்குத் திரும்பி வந்துரும். நான் எங்கன திரும்ப?"

கடைசி மூன்றை வாங்கும் நாளில் உனக்குக் காய்ச்சல். காந்தத்தைக் கொடுத்து என்னை அனுப்பினாய். கடையில் கூட்டம், காந்தம் என் பையிலேயே இருந்தது. துறைமுகச் சரக்குகளை விடுவிக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தா நான். பெட்டியைத் திறக்காமலே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதப் பழகிய கை. விமானத்துக்கு வாங்கியதையெல்லாம் நீ குறித்துவைக்கும் நோட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டு, "நீ பாத்தா சரிதாம்லே" என்றாய். விமானம் ஒருமுறைகூடத் தரையைவிட்டுக் கிளம்பும் முன் உன் இதயம் நின்றுபோனது.

இப்போது துபாயிலிருந்து உன் தம்பி வந்திருக்கிறான். அங்கே விமானம் ஓட்டக் கற்றவன். அனுமதிக் காகிதமும் வந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை உன் விமானத்தை அவன் ஓட்டப்போகிறான். "எல்லாம் அவுக பாத்து வச்சதுல்லா, எனக்குப் பயமில்ல" என்று போன வாரம் உன் மனைவி என்னிடம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

விரலில் துருவோடு கடைக்குப் போய், இந்த முறை காந்தத்தை வைத்துப் பார்த்து, மூன்று கிளிப் வாங்கினேன். உன் மனைவியிடம் போய், பார்க்காமல் எழுதியதைச் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கிட்டங்கிச் சாவியை எடுத்துவந்து தந்தாள்.

எஞ்சினில் எட்டுத் திருகுகளிலும் காந்தத்தை வைத்தேன். எதிலும் ஒட்டவில்லை.

உன் கருவிப்பெட்டியின் அடியில், செய்தித்தாளில் சுற்றி, நான் வாங்கித் தந்த மூன்றும் இருந்தன. திருகுகள் துருப்பிடித்திருந்தன. நோட்டில் என் கையெழுத்தை நீ அடிக்கவில்லை.

காந்தம் என் சட்டைப்பையில் இருக்கிறது. புதிதாக வாங்கிய மூன்றையும் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார்.