நீ தட்டிய கதவுகள்

இன்று நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவியின் கைத்தொலைபேசி மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவள் தோள்கள் குறுகின. பாடம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கூடப் படிப்பவர்கள் அனுப்பும் கேலிகளையெல்லாம் அழுதபடி சொன்னாள். அவளுடைய தாயை அழைத்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன்.

அப்போது நமக்குப் பதினாறு வயது. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் ஒரே கட்டடம். நீ ஏழாம் மாடி, நான் பதினெட்டாம் மாடி. வகுப்பின் முன்னால் பேச நின்றபோது சொல் மறந்து அழுதுவிட்டேன். அதை வீடியோ எடுத்து, பாட்டும் போட்டுப் பரப்பினார்கள். நான் பள்ளிக்குப் போவதை நிறுத்தினேன். போர்வைக்குள் கிடந்து, அவர்கள் எழுதியவற்றையே திரும்பத் திரும்ப வாசித்தேன். "காய்ச்சலோ பிள்ளை?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஓம் என்பேன்.

உனக்குத் திக்குவாய். பேக்கரிக் கடையில் பாண் கேட்கவும் என்னைத்தான் முன்னுக்கு விடுவாய். தொலைபேசியில் எழுதும்போது மட்டும் பகிடியும் சிரிப்பும் பொங்கும். குரல் தேவைப்படாத அந்த உலகத்தில்தான் நீ நிம்மதியாக இருந்தாய். அதே உலகம் என்னைக் கட்டிலோடு கிடத்தியது.

ஒன்பதாம் நாள் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாய்.

"நா... நாளைக்கு ஸ்கூலுக்கு வா. எல்லாரும் அழிச்சிட்டினம்."

"நீ என்னடி செய்தனி?"

"கே... கேட்டனான்."

எழுதிக் கேட்டிருப்பாய் என்றே நினைத்தேன். மறுநாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓரிருவர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் மறந்துபோனார்கள்.

போன மாரிக் குளிரில் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. இருபத்தொன்பது வயது. இறுதிச் சடங்குக்கு ஒஷாவாவிலிருந்து நிரோஷன் வந்திருந்தான். வீடியோ எடுத்தவன் அவன்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தான்.

"அவ எங்கட வீட்டை வந்தவ, தெரியுமா? வீடியோவை அழி எண்டு சொல்ல வந்திட்டு, ஒரு சொல்லும் வரேல்ல. நான் சிரிச்சனான். அண்ணாவும் சிரிச்சவர். அவ போகேல்ல. நாங்கள் சிரிச்சு முடியுமட்டும் நிண்டிட்டு, திரும்ப முதல் சொல்லில இருந்து தொடங்கினவ. அவவுக்கு முன்னாலயே அழிச்சனான். பிறகு, ஆராருக்கு அனுப்பினனான் எண்டு கேட்டு, லிஸ்ற்றை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாப் போனவ. ஐ ஆம் சோ சொறி."

ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அதையும் படம்பிடித்துப் பரப்பிச் சிரித்திருப்பார்கள். உனக்கு அது தெரிந்திருக்கிறது. பாண் கேட்கப் பயந்தவள், முன்பின் பழகாதவர்களின் கதவுகளைத் தட்டியிருக்கிறாய். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அதைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த உன் முகத்தைப் பார்த்து மலைத்து நின்றேன். இவ்வளவு பெரியவளோடா நான் இத்தனை காலம் லிஃப்ற்றில் ஏறி இறங்கினேன்?

மூன்று வருடமாக நானும் என் அக்காவும் பேசாமல் இருந்தோம். மன்னிப்புக் கேட்டு எத்தனையோ தடவை எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன். போன மாதம் அவருடைய பார்க்டேல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் கதவுப் பிடியை விடவில்லை. முதல் தடவை சொல் வரவில்லை. திரும்பிப் போகாமல் நின்றேன். இரண்டாம் தடவை வந்தது.