குட்டைக் கட்டில்

செங்கல்பட்டு,
9.3.1999

அன்புள்ள ரோகிணி,

நீயும் மாப்பிள்ளையும் தத்தெடுப்பதாக இருந்த அமுலு ஆஸ்லோவுக்கு வரமாட்டாள். இதைச் சுற்றிவளைத்து எழுதிப் பயனில்லை.

நேற்று அவளுக்குக் கொலுசு வாங்கிக்கொண்டு மாமல்லபுரத்துக் குழந்தைகள் இல்லத்துக்குப் போனேன். வாசலில் மீன்கூடையோடு ஒருத்தி காவலாளியிடம் சண்டையிட்டுக்கொண்டிருந்தாள். அனாதை என்று நமக்குச் சொல்லப்பட்ட பிள்ளை, "யம்மா!" என்று ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"ஆஸ்டல்னு சொல்லித்தானே வுட்டேன்! இப்போ உள்ளயே வுட மாட்டேன்றானுங்க. நீ யாரு, எம்பொண்ணுக்குக் கொலுசு எடுத்துகினு வர்றதுக்கு?" என்றாள் என்னிடம்.

பாட்டி என்று சொல்ல வாய் வரவில்லை; கொலுசைப் பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

நிர்வாகியிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அது பல்கலைக்கழகத்தில் கற்ற தமிழ் அன்று. காவல் நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் வியர்த்துவிட்டார். மாலைக்குள் தாயும் மகளும் நெம்மேலிப் பேருந்தில் ஏறிவிட்டார்கள். கொலுசை நான் திரும்பக் கேட்கவில்லை.

நீங்கள் முகவர்களிடம் கட்டிய பணம் திரும்பாது. அது உங்கள் சேமிப்பு முழுவதும் என்பதை அறிவேன். ஆனால் வளர்ந்த பிறகு அமுலு உன்னிடம், "என் அம்மா எங்கே?" என்று கேட்டிருந்தால் எந்தச் சேமிப்பைக் கொண்டு ஈடுகட்டியிருப்பாய்? நேற்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதைப் படித்தபின் உன்னால் முடியாது என்பதும் தெரியும்.

அமுலுவுக்காக மஞ்சள் வண்ணம் அடித்த அந்த அறையைப் பூட்டிவைக்காதே. விமானம் ஏறவே மாட்டேன் என்று இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்ததை மாற்றிக்கொண்டேன். மே மாதம் வருகிறேன். அமுலுவுக்கு வாங்கிய கட்டில் குட்டை என்று எழுதியிருந்தாய். நானும் குட்டைதான்.

உன் அம்மா