விலை குறைந்தால் மணி அடிக்கும்

போடிநாயக்கனூர்
8.12.2022

மனோஜ் அப்பாவுக்கு,

ராக்கு எழுதுவது. எனக்கு ஏதோ ஆகிப்போச்சென்று பதறி மலையிறங்கி வந்துவிட வேண்டாம். நல்லாத்தான் இருக்கிறேன். உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. முத்துப்பாண்டி ஜீப்பு வாரத்துக்கு மூணு தரம் இறங்குகிறது. நான் கேட்காமலே அவன் எல்லாத்தையும் சொல்லிவிட்டுப் போகிறான்.

விஷயம் வேற. மனோஜ் போனை நான் இன்னும் அணைக்கவில்லை. மாசாமாசம் காசு போட்டு, தினமும் சார்ஜில் வைக்கிறேன். இந்த ரெண்டு வருஷமாக அதில் ஒரு சத்தம் வந்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை, கடையில் ஏலக்காய் பொறுக்கிவிட்டு மத்தியானம் சாப்பிட வந்து உட்கார்ந்தேன், மணி அடிச்சது. எச்சிக் கையோடு ஓடினேன். ஆள் யாருமில்லை. விமானப் படம் போட்டு இங்கிலீஷில் என்னமோ வந்திருந்தது. நேற்றும் அடிச்சது.

கம்ப்யூட்டர் கடை வினோத்குமாரிடம் போய், போனை நானே பிடித்துக்கொண்டு காட்டினேன். "அத்தே, மதுரையிலருந்து கொழும்புக்கு பிளைன் டிக்கெட்டு. விலை இவ்வளவுக்குக் கீழ எறங்குனா சொல்லுன்னு மனோஜ் அண்ணே போட்டு வச்சிருக்காரு. கொரோனாவுக்கப்புறம் இப்பத்தான் எறங்கியிருக்கு. மூணு பேருக்கு" என்றான்.

மூணு பேர் யார்? கொழும்பில் நமக்கு என்ன சோலி? அப்பனும் மகனும் எனக்குத் தெரியாமல் என்ன திட்டம் போட்டீர்கள்? எழுதி முத்துப்பாண்டியிடம் கொடுங்கள். பாறை மேல் ஏறி டவர் பிடித்துக் கூப்பிட வேண்டாம். நீங்கள் ஓட்டின ஜீப்பின் பின்படியிலிருந்து பிள்ளை விழுந்த நாள்முதல் உங்கள் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இன்னும் வரவில்லை.

ராக்கு


ஏலக்காய் ஸ்டோர், போடிமெட்டுக்கு மேலே
12.12.2022

அன்புள்ள ராக்குவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆகிறது. முத்துப்பாண்டி உறையை நீட்டினதும் விறகைக் கீழே போட்டுவிட்டு வாங்கினேன். நான் சுகம். வண்டியைத் தொடுவதில்லை. இங்கே ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு விறகு போட்டுக்கொண்டு கிடக்கிறேன். குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

மூணு பேர் என்றால் நாம் மூணு பேர்தான். நான் சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஒன்பது வயதில் எங்களைக் கப்பலேற்றினார்கள். அப்போது எங்கப்பா கரையைப் பார்த்துக் கும்பிட்டு, "திரும்பி வந்து கதிர்காமத்துக்கு நடக்கிறேன் முருகா" என்றார். அவரால் போக முடியவில்லை. பழனிக்கு நடக்கையில் ஒரு வருஷம் மனோஜிடம் இதைச் சொன்னேன். கால் கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன், "அப்பா, தாத்தா சொன்னத நம்ம நடந்துருவோம். ஆத்தாவையும் கூட்டிக்கிருவோம். டிக்கெட்டு எறங்கட்டும்" என்றான். மதுரைக்குக் கூட்டிப்போய் மூணு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தானே, அது இதற்குத்தான். சீட்டு கையில் வந்த பிறகு உன்னிடம் சொல்லலாம் என்றிருந்தான்.

அந்த மணி உனக்குத் தொந்தரவாக இருந்தால் வினோத்குமாரிடம் சொல்லி நிறுத்திவிடு.

வேலுச்சாமி


போடி
17.12.2022

மனோஜ் அப்பாவுக்கு,

நிறுத்தவா? பிள்ளை கேட்ட விலைக்கு வந்து கதவைத் தட்டுகிறது, அதைப் போய் நிறுத்தச் சொல்கிறீர்களே, உங்களுக்கு மனசு எதில் செய்தது?

நாம் போகிறோம். நானும் வருவேன். உங்களோடு பேச மாட்டேன், பத்தடி பின்னாலேயே நடப்பேன், அதற்குச் சம்மதமென்றால் சொல்லுங்கள்.

தினமும் சாயங்காலம் வினோத்குமார் கடைதான் எனக்கு. இந்த விமானக்காரர்கள் விலை நம்ம ஏலக்காய் ஏல விலைக்கு அண்ணன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. வெள்ளி, சனி ஏறுகிறது, செவ்வாய், புதன் இறங்குகிறது. திருச்சியிலிருந்து போனால் இன்னும் குறைவு, ஆனால் விடிகாலை நாலு மணிக்கு நிற்க வேணுமாம், ரூம் எடுத்துத் தங்கினால் மிச்சம் பிடித்தது போச்சு. பெட்டிக்குத் தனிக் காசு. நடக்கப் போகிறவர்களுக்குப் பெட்டி எதுக்கு? ஆளுக்கு ஒரு துணிப்பை, ஏழு கிலோவுக்குள்.

ஒன்று மட்டும் செய்யவில்லை. மூணு பேர் என்று இருப்பதை ரெண்டு என்று மாற்றட்டுமா என்று வினோத்குமார் கேட்டான். போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தைப்பூசம் பிப்ரவரி அஞ்சு. ஜனவரி கடைசியில் கிளம்பினால் சரியாக இருக்குமா?

ராக்கு

குளிருக்கு உங்கள் பழைய கம்பளியைக் கொடுத்துவிட்டிருக்கிறேன். துவைத்ததுதான்.


ஸ்டோர்
21.12.2022

அன்புள்ள ராக்குவுக்கு,

கம்பளி வந்தது. நீ பத்தடி இல்லை, நூறடி பின்னால் வந்தாலும் எனக்குச் சம்மதம். திரும்பிப் பார்த்தால் நீ இருப்பாய், அது போதும்.

தைப்பூசம்தான் இருக்கும். முருகன் கோயில் நடை என்றால் தையில்தானே. இருந்தாலும் பண்டாரவளையில் என் பெரியப்பா மகன் ஈஸ்வரன் இருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். டவர் கிடைக்கிற பாறைக்குப் போகும் பாதை மழையில் சரிந்து கிடக்கிறது, ஏற ஒரு வாரம் ஆகும். அதுவரை பொறு. அவசரப்பட்டு வாங்கிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வீட்டில் கறி எடுப்பதே இல்லை என்று முத்துப்பாண்டி சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்.

வேலுச்சாமி


போடி
26.12.2022

மனோஜ் அப்பாவுக்கு,

வாங்கியாச்சு! ஜனவரி முப்பது, மதுரையிலிருந்து கொழும்பு. ரெண்டு சீட்டு, ஜன்னலோரம் ஒன்று, பக்கத்தில் ஒன்று. நேற்று ராத்திரி பன்னிரண்டு மணியோடு சலுகை முடிகிறது என்று போட்டிருந்தான். பிள்ளை கேட்ட விலையை விட இன்னும் குறைவு. பொறு பொறு என்று நீங்கள் எழுதினதைப் படித்துக்கொண்டேதான் வாங்கினேன். நீங்கள் பாறையில் ஏறி ஈஸ்வரனைப் பிடிப்பதற்குள் விமானம் போய்விட்டுத் திரும்பிவிடும்.

ரெண்டு துணிப்பை தைக்கக் கொடுத்திருக்கிறேன். கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் நான் சிரித்தேன் என்று கடையில் சொன்னார்கள். எனக்கே தெரியவில்லை.

ராக்கு


ஸ்டோர்
3.1.2023

அன்புள்ள ராக்குவுக்கு,

கோபப்படாமல் படி. ஈஸ்வரன் கிடைத்தான். விழுந்து விழுந்து சிரித்தான். கதிர்காமத்துக்கு நடை தையில் இல்லையாம். அங்கே திருவிழா ஆடியில். ஆனிக் கடைசியில்தான் நடப்பவர்கள் கூட்டம் சேர்ந்து வரும். உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் நாலைந்து நாள் காடு. யானை, கரடி எல்லாம் உண்டு. அந்தக் காட்டு வழியை வருஷத்தில் அந்தச் சில நாள் மட்டும்தான் அரசாங்கம் திறந்துவிடுமாம். தையில் போனால் அடைத்த கேட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

பழனி பழக்கத்தில் நானும் தை என்றே எழுதிவிட்டேன். அங்கே பிறந்தவனுக்கே தெரியவில்லை, உனக்கு எப்படித் தெரியும்? தப்பு என்னுடையது. முன்னாடியே கேட்டிருக்க வேண்டும். சலுகைச் சீட்டுக்குப் பணம் திரும்ப வராது என்று முத்துப்பாண்டி சொல்கிறான். போனால் போகட்டும். ஆடிக்குப் பார்ப்போம்.

வேலுச்சாமி


போடி
7.1.2023

மனோஜ் அப்பாவுக்கு,

என்ன மனுஷன் நீங்கள்? தப்பு என்னுடையதாம். யார் தப்பு? பொறு என்று நீங்கள் எழுதினீர்கள், நான் பொறுக்கவில்லை. வெரசா வெரசா என்று பறந்தது நான். என்னைத் திட்டுங்கள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி எழுதுங்கள்.

அன்றைக்கும் இப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஊரே உங்களைப் பேசியது. ஆளை ஏற்றி ஏற்றிப் பிள்ளையைக் கொன்றுவிட்டான் என்றார்கள். நானும் மண்ணை வாரித் தூற்றினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே மலையேறிப் போய்விட்டீர்கள். உங்கள் பேசாத வாயைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தைத்த பைகளைப் பரண் மேல் போட்டுவிட்டேன். கடைக்காரர்கள் கேட்டால் என்ன சொல்ல?

ராக்கு


ஸ்டோர்
28.5.2023

அன்புள்ள ராக்குவுக்கு,

நாலரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை. உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை, அதற்கும் நீ கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

காட்டு வழியை ஜூலை பத்துப் பன்னிரண்டு வாக்கில் திறப்பார்களாம். ஒன்றாம் தேதி கொழும்பில் இறங்கினால், மட்டக்களப்பில் கூட்டத்தோடு சேர்ந்து நடந்துவிடலாம். நம் ரெண்டு பேருக்கும் ஆகிற காசை இத்துடன் வைத்திருக்கிறேன். மணி இன்னும் அடிக்கிறதா? சீட்டை நீயே பார்த்து வாங்கு. என்னைவிட உனக்குத்தான் அந்த வித்தை தெரியும்.

போடியிலிருந்து மதுரைக்கு ஜூனில் ரயில் விடப்போகிறார்களாம். அதில் போவோம். முப்பதாம் தேதி சாயங்காலம் ஸ்டேஷனில் நிற்பேன். நீ பேச வேண்டாம். வந்தால் போதும்.

வேலுச்சாமி


போடி
30.6.2023

மனோஜ் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தையும் தைத்த துணிப்பையையும் ஸ்டேஷனில் முத்துப்பாண்டி உங்கள் கையில் கொடுப்பான். உறைக்குள் சீட்டு இருக்கும். ஒரு சீட்டுதான். மீதிக் காசு பையின் அடியில் இருக்கிறது. விலை ஏறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மணி அடிச்சது, செவ்வாய்க்கிழமை, நல்ல விலை. ரெண்டு வாங்கியிருக்கலாம். நான்தான் ஒன்று வாங்கினேன்.

உங்களோடு இருபது நாள் நடந்தால் எங்காவது ஒரு மரத்தடியில் இதை நான் சொல்லிவிடுவேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் திராணி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஈரல் வாங்கிக் கறிக்குழம்பு வைத்திருந்தேன். நீங்கள் மெட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்ற நேரம் மனோஜுக்குப் போன் போட்டேன். "ஆத்தா, அப்பா வண்டியில உள்ள எடமில்ல. அடுத்த ஜீப்புல வர்றேன்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த ஜீப்பு எப்ப வந்து நீ எப்பத் திங்கிறது? பின்னாடி படியில நின்னுக்கிட்டு வெரசா வா அப்பு. கொழம்பு ஆறிப்போகும்" என்றேன். சரி ஆத்தா என்றான்.

நான்தான் ஏறச் சொன்னேன். பிள்ளை அடுத்த வண்டியில் வருகிறேன் என்றுதான் சொன்னான். பெற்ற தாய், ஒரு சட்டிக் குழம்புக்காக அவனைப் படியில் நிற்க வைத்தேன்.

அந்தப் போனில் கடைசியாக வந்த கால் என்னுடையது. யார் கையிலும் கொடுக்காமல் நான் பிடித்துக்கொண்டே திரிந்தது இதற்குத்தான். நீங்கள் பேசாமல் நின்றீர்கள், பழி அங்கே போய் ஒட்டிக்கொண்டது, ஒட்டட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களை வைவதை நிறுத்தினால் அடுத்து என்னைத்தான் வைய வேண்டியிருக்கும்.

திரும்பி வந்ததும் வீட்டுக்கு வருவதா, மலைக்குப் போவதா என்பது உங்கள் இஷ்டம். வராவிட்டால் நான் கேட்க மாட்டேன். பையில் காலுக்குத் தடவ எண்ணெய் வைத்திருக்கிறேன். முதல் ரெண்டு நாள் மெதுவாக நடங்கள்.

ராக்கு


உகந்தை
14.7.2023

அன்புள்ள ராக்குவுக்கு,

நாளைக் காலையில் காட்டுக்குள் போகிறோம். உள்ளே டவர் கிடையாது. இங்கிருந்து திரும்பிப் போகிற ஒருவரிடம் இதைத் தபாலில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு முன்னால் இது வருமோ, நான் முன்னால் வருவேனோ தெரியாது.

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். அப்போதே இறங்கி ஓடி வந்திருப்பேன், வண்டி தேனியைத் தாண்டிவிட்டது. பதில் எழுதப் பத்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். இனியும் தள்ளினால் எழுதவே மாட்டேன்.

நீ சொன்னது எனக்கு அன்றைக்கே தெரியும் ராக்கு. படியில் கால் வைக்கும்போது அவனே சொன்னான். "அப்பா, ஆத்தா ஈரல் வச்சிருக்காம். ஆறிப்போகுமாம். நான் பின்னாடி நின்னுக்கிறேன்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நீ வீட்டிலிருந்து சொன்னாய், உனக்கு வண்டியின் லோடு தெரியாது. ஸ்டியரிங் என் கையில் இருந்தது. "எறங்குடா, அடுத்த வண்டியில வா" என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. எனக்கும் பசித்தது. நானும் அந்தச் சோற்றை நினைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ மண்ணை வாரித் தூற்றினபோது, குழம்பு ஆறும் என்றுதான் அவன் படியில் ஏறினான் என்பது இவளுக்குத் தெரிய வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இதையும் சேர்த்துச் சுமந்தால் நீ பிழைக்க மாட்டாய் என்று நினைத்தேன். உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரெண்டரை வருஷம் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு, நீ கீழே, நான் மேலே. நாம் ரெண்டு பேரும் சேர்ந்து அழவே இல்லை.

விமானத்தில் என் பக்கத்துச் சீட்டில் யாரும் வரவில்லை. பையை அதில் வைத்துக்கொண்டேன். வழியில் பழக்கத்தில் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறேன். பத்தடி பின்னால் யாரோ ஒரு அம்மா நடந்து வருகிறார்கள், நீ இல்லை.

காலில் கொப்புளம். உன் எண்ணெயைத்தான் தடவுகிறேன்.

இருபத்தாறாம் தேதி மதுரையில் இறங்கி, அதே ரயிலில் வீட்டுக்கு வருகிறேன். மலைக்கு இல்லை. கறி எடு. நம்மால் தின்ன முடியாமல் போனாலும் எடு. அவன் இலையில் முதலில் வைப்போம்.

அந்த மணி அடிக்கட்டும். அடுத்த ஆடிக்குச் சேர்ந்து நடக்க ரெண்டு சீட்டு வாங்குவோம். ஆனால் போனில் மூணு பேர் என்று அவன் போட்டிருப்பது அப்படியே இருக்கட்டும், மாற்றாதே.

உன்
வேலுச்சாமி