அப்பா பிடித்த மீன்கள்

2006, ஐப்பசி, சனி இரவு

சண்டையால் வாவியில் மீன்பிடிக்கத் தடை வந்து இன்றோடு பத்து நாள். அப்பா தோணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு திண்ணையிலேயே கிடந்தார்.

என் பழைய கம்ப்யூட்டரில், காத்தான்குடித் தோழி நஸீரா தந்த சீடியிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டிருந்தேன். அதிலிருந்த பெங்குவின் விளையாட்டு ஊர்ந்து ஊர்ந்துதான் ஓடியது. இன்று பின்னேரம் கட்டளைகளை மாற்றி மாற்றி அடித்து, திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் டிரைவரை ஒருவழியாகச் சேர்த்துவிட்டேன். பெங்குவின் வழியிலிருந்த மீன்களை அள்ளிக்கொண்டு பனிமலையில் பறந்தது!

நான் கத்தியதைக் கேட்டு அப்பா எழும்பி வந்தார்.

"வலையில்லாம மீன் புடிக்கானே! தள்ளு புள்ள, நான் பாக்கன்."

முதலில் மரத்தில் மோதினார். ஏழாவது முறை முப்பத்திரண்டு மீன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அப்ப கறிக்கு எடுத்துத் தாங்க," என்றார் அம்மா.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை. தடைக்கு முன் கடலுக்குப் போய் இன்னும் திரும்பாத அண்ணாவைப்பற்றி இன்று ஒருவரும் கதைக்கவில்லை.