பதினாறாம் திகதி யார் வந்தது?

லுணுகலை, பாடசாலை முகாம்
20.12.2025

அன்புள்ள விஜிதா,

நலமா? நானும் ஒன்றரை வயது மகளும் வகுப்பறையில் பாய் விரித்துக் கிடக்கிறோம். போனில் கேட்டால் சிரித்துச் சமாளித்துவிடுவாய். அதனால்தான் ஹிஷாம் நானாவின் லொறியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கிற லயம் பாதுகாப்பானது, 29ஆம் திகதி எல்லாரும் திரும்ப வேண்டும் என்று முகாமில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று லயத்துக்கு மேலே இருக்கிற துரைமார் கோயிலைப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் தேவாலயம். புயல் மழையில் பீடப் பக்கம் முழுக்கச் சரிந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. எஞ்சிய சுவருக்கு அடியிலிருந்து ஒரு வெடிப்பு நேரே லயத்தைப் பார்த்து இறங்குகிறது. கையை விட்டேன், முழங்கை வரை போனது. கூட வந்த மாமியார் கருப்பம்மா, "கல்லுக் கோயிலே உக்காந்துருச்சு, நம்ம தகரக் கூரை எந்த மூலைக்கு?" என்றார்.

அறிவித்தலின் அடியில் கள உத்தியோகத்தர் என்று உன் கையெழுத்து. 16ஆம் திகதி நேரில் வந்து பார்த்ததாக. இவ்வளவு தூரம் வந்தவள் என் பிள்ளையைப் பார்க்காமலா போனாய்?

மதுஷா

பதுளை
22.12.2025

அன்பின் மதுஷா,

அன்றைக்கு வந்தனான்தான். ஒரே நாளில் நாலு தோட்டம், முகாமுக்கு வர நேரம் கிடைக்கவில்லை. கோயிலடியில் நின்று லயத்தை வடிவாகப் பார்த்தனான். அந்த வெடிப்பு பழசு. முகாமை மூடாவிட்டால் பள்ளிக்கூடம் திறக்கேலாது என்று மேலிடம் நெருக்குது. வீணாகப் பயப்படாதையும். பிள்ளைக்கு ஒரு சுவெட்டர் அனுப்புகிறேன்.

விஜிதா

லுணுகலை
23.12.2025

விஜிதா,

சுவெட்டர் அளவாக இருக்கிறது.

கோயிலுக்குப் போகிற ஒரே பாதையில் சைப்ரஸ் மரம் விழுந்து, மண்ணும் மூடிக் கிடந்தது. பதினெட்டாம் திகதிதான் என் வீட்டுக்காரரும் ஆட்களும் வாள் போட்டு அறுத்து வழி எடுத்தார்கள். அதுவரை ஒரு ஆடுகூட மேலே ஏறவில்லை. நீ எந்த வழியாக வந்தாய்?

பழைய வெடிப்பென்றால் உள்ளே பாசி பிடித்திருக்கும். இதில் பச்சை வேர் அறுந்து தொங்குகிறது. கோபத்தில் கேட்கவில்லை என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. கோபம்தான். கல்லூரி விடுதியில் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் நாம். 29ஆம் திகதி என் மகளை எங்கே தூங்க வைப்பது? அதை மட்டும் எழுது.

மதுஷா

பதுளை
26.12.2025

இதைப் பார்ப்பவர்களுக்கு,

16.12.2025 அன்று நான் அந்த லயத்தையோ தேவாலயத்தையோ நேரில் பார்க்கவில்லை. பாதையில் மரம் விழுந்திருந்ததால் கீழ்ச் சந்தியிலேயே வாகனத்தைத் திருப்பினேன். போன வருடத்துப் படங்களை வைத்து அறிக்கை எழுதினேன். 'பாதுகாப்பானது' என்றது பொய். யாரும் அங்கே குடியேறக் கூடாது.

இரகுநாதன் விஜிதா
கள உத்தியோகத்தர்

மதுஷா, இதன் பிரதியை அலுவலகத்திலும் கொடுத்துவிட்டேன். முகாமில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டும். வாசிக்கும்போது நான் உம்முடைய சிநேகிதி என்று மட்டும் சொல்ல வேண்டாம்.