என் குணத்துக்கு ஏற்ற வலைப்பூ

மார்ச் 3, திங்கள்
வலைப்பூ தொடங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். காரணம் சகலை அல்ல. நேற்று விருந்தில் அவரைச் சுற்றி ஒரு கும்பல் நின்றது உண்மைதான். "உங்க வலைப்பூல பயணக் கட்டுரை படிச்சோம், பிரமாதம்" என்று ஆளாளுக்குச் சொன்னதும் உண்மைதான். அந்தக் கும்பலில் பாதிப் பேரின் சொத்தைக் கடைவாய்ப் பல்லை அடைத்த பல் மருத்துவன் நான். ஒருவராவது "உங்க அடைப்பு பிரமாதம்" என்று சொன்னாரா? அதற்காக அல்ல. எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 4
எழுத உட்காரும் முன் எந்தத் தளம் என்று தீர்மானிக்க வேண்டுமாம். குணத்துக்கு ஒவ்வாத தளத்தில் தொடங்கினால் சீக்கிரமே மூச்சு முட்டிவிடும் என்று ஓர் இணையப் பக்கம் எச்சரிக்கிறது. குணத்தைக் கண்டுபிடிக்க அங்கேயே ஒரு சோதனை. 'நீங்கள் ஆழமானவரா, கலகலப்பானவரா, ரசனை மிக்கவரா?' மூன்றுமே நான்தான். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று அடம்பிடித்தது. மூடிவிட்டேன்.

மார்ச் 6
மனைவியிடமே கேட்டேன். "நான் எப்படிப்பட்ட ஆளு?"
காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "பேசுற ஆளு."
"எல்லாரும்தானே பேசறாங்க?"
"மத்தவங்க நடுவுல நிறுத்துவாங்க."
இதை வைத்துக்கொண்டு எந்தத் தளத்தைத் தேடுவது?

மார்ச் 7
கிளினிக்கில் நர்ஸிடம் கேட்டேன். என்னோடு பல வருடமாக இருப்பவர். தாட்சண்யம் பார்க்க மாட்டார்.
"நல்லவர்தான் டாக்டர். ஆனா அரசியல்லேருந்து ஆன்மிகம் வரைக்கும் நீங்க பேசறதெல்லாம் வாயைப் பொளந்துட்டுப் படுத்திருக்கறவங்ககிட்டதான். அவங்க எப்படிப் பதில் சொல்வாங்க?"
இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னை மறுத்துப் பேசாதது என் கருத்துகளின் வலிமை என்றல்லவா நினைத்திருந்தேன்!

மார்ச் 9
படங்களுக்கான தளம். எழுத்து கொஞ்சம், படம் அதிகம். என்னிடம் இருக்கும் படங்களெல்லாம் எக்ஸ்ரே. இருப்பதிலேயே அழகான சொத்தைப் பல்லாகப் பார்த்துப் போட்டேன். முதல் கருத்து: 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் ஐயா.' கணக்கை மூடினேன்.

மார்ச் 12
சிந்தனையாளர்களுக்கான தளம். வெள்ளைப் பின்னணி, மெல்லிய எழுத்து. படித்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அதுவே கணக்குப் போட்டு மேலே காட்டும். 'மௌனத்தின் மேன்மை' என்று எழுதிப் பதிவேற்றினேன். நாற்பத்தொரு நிமிடம் என்றது. அதிலிருந்த கிண்டலை நான் கவனிக்காமல் இல்லை.

மார்ச் 15
கண்டுபிடித்துவிட்டேன்! மின்னஞ்சல் தளம். வாசகர் நம்மைத் தேடி வர வேண்டியதில்லை. எழுதியது நேராக அவர்கள் பெட்டியில் போய் விழும். என்னிடமிருந்த எல்லா முகவரிகளையும் சேர்த்துவிட்டேன். சொந்தபந்தம், நோயாளிகள், சகலை, மகள். ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா?

மார்ச் 16
யார் யார் விலகினார்கள் என்று தளமே தெரிவிக்கிறது. முதல் ஆள் சகலை. பொறாமை. அப்புறம் எலக்ட்ரீஷியன். அப்புறம் என் சொந்த அத்தை.
மாலையில், மகள்.
விலகும்போது ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்கள் 'நேரமில்லை' என்று நாகரிகமாக நழுவியிருந்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தது: 'என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டார்கள்.'
மின்னஞ்சலைப் பற்றித்தான் சொல்கிறாள். வேறு எதைப் பற்றி?

மார்ச் 17
மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ரெண்டாவது தடவை" என்றாள்.
என்ன ரெண்டாவது தடவை? பல் மருத்துவக் கல்லூரில சேத்துவிட்டது ஒரு குத்தமா? நல்லதுக்குத்தானே செஞ்சேன்! பாதியில விட்டுட்டு மரவேலை கத்துக்கப் போனது அவதானே? அன்னிலேருந்து ஃபோனெல்லாம் அம்மாவுக்குத்தான். நான் எடுத்தா "அம்மா இருக்காங்களா?" அவ்வளவுதான். அவ விருப்பத்தை நான் கேக்கலையாம். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பா — அதனாலதானே கேக்கல?
எழுதிய கடைசி வரியைத் திரும்பப் படித்தேன்.
இன்று இது போதும்.

மார்ச் 20
"உடம்பு சரியில்லையா டாக்டர்? காலையிலேருந்து ஒரு வார்த்தை பேசல" என்றார் நர்ஸ். நாற்காலியில் படுத்திருந்தவரும் கவலையோடு என்னைப் பார்த்தார்.

மார்ச் 22
மின்னஞ்சல் தளத்தையும் மூடிவிட்டேன். மகளுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு கல்வியின் அவசியம் வரை போய்விட்டது. அழித்தேன். அடுத்ததில் என் தியாகங்கள். அதையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது: 'நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்கும் சொல்வாயா?'

மார்ச் 23
பதில் இல்லை.

மார்ச் 26
'அம்மா எழுதச் சொன்னாங்களா?'
'இல்லை' என்று எழுதினேன். அதோடு நிறுத்தினேன். விரல்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 30, ஞாயிறு
காலையில் ஃபோன். நான்தான் எடுத்தேன். "அப்பா" என்றாள், அம்மாவைக் கேட்கவில்லை.
பட்டறையில் ஒரு நாற்காலி செய்கிறாளாம். காலுக்கு ஆணி அடிப்பதில்லை. ஒரு மரத்தைக் குடைந்து இன்னொன்றை அதில் செருக வேண்டும், இம்மி பிசகினாலும் ஆடும் என்றாள். பல்லின் வேர் தாடையில் நிற்பதைப் பற்றி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். எந்தப் பசை எவ்வளவு நேரத்தில் காயும் என்று சொன்னாள். முதலில் பாழாக்கிய பலகையையும் அதற்குப் பட்டறைக்காரரிடம் வாங்கிய திட்டையும் சொல்லிச் சிரித்தாள்.
சமையலறை வாசலில் வந்து நின்ற மனைவி, என் முகத்தையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள். "லைன் கட்டாயிடுச்சா?" என்று வாயசைத்துக் கேட்டாள்.
இல்லை என்று தலையாட்டினேன்.