மரம் சொன்ன வாழ்த்து

ஹார்லிங்கன்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லீஸ்பெத்துக்கு அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். இதைச் சொன்னால் இப்போதெல்லாம் இங்கே யாரும் நம்புவதில்லை. அங்கே நியூசிலாந்தில் நீயும் உன் வீட்டுக்காரனும் நலமென்று நீ சொன்னால் நான் நம்பிக்கொள்வேன், எனக்கு வேறு வழியில்லை. இங்கே மழை விட்டபாடில்லை, கடலணைக் கரையில் புல்லெல்லாம் சேறு, பக்கத்து வீட்டு நாய் செத்துப்போனது, அந்த அம்மாள் இப்போது வெறும் நாய்க்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறாள், கேட்டால் பழக்கம் என்கிறாள். உங்கள் பக்கம் நிலம் அடிக்கடி குலுங்குகிறதாமே, அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்து வை என்று போன வருஷமே சொன்னேன், செய்தாயா இல்லையா தெரியவில்லை. போனில் பேசாமல் இதை எழுதுவதற்குக் காரணம், போனில் நீ நடுவே நடுவே "சரிப்பா, சரிப்பா" என்பாய். தாளுக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

நேற்று உன் அண்ணன் யோரிஸ் என்னைத் தெற்கே அந்தத் தேவதைக் கதைப் பூங்காவுக்குச் சாப்பிட அழைத்துப்போனான், அண்ணி மார்லூஸும் பேத்தி நோரும் கூட வந்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், இந்த மழையில் இவ்வளவு தூரம் கார் ஓட்டிப் பான்கேக் தின்னும் ஆளா அவன்? நீங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது நானும் அம்மாவும் கூட்டிப்போன அதே இடம்தான், சூனியக்காரியின் பிஸ்கட் வீடு மாதிரி கட்டிய சாப்பாட்டுக்கடை. கூரையில் சர்க்கரை மாதிரி பூசிய சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, பரிமாறுகிற பெண்கள் இன்னும் அதே கூர்த்தொப்பி, உட்கார இன்னும் அதே சிவப்புக் காளான் முக்காலி. அதில் இளவட்டங்களே உட்கார்ந்து எழ முடியாது, நான் எழும்போது கொஞ்சம் தடுமாறியதும் மார்லூஸ் உன் அண்ணனைப் பார்த்தாள் பார், ஒரு பார்வை, நீதிமன்றத்தில் சாட்சி கிடைத்த மாதிரி. புதிதாக நடுக்கூடத்தில் ஒரு மரம் வைத்திருக்கிறார்கள், வாய் அசைத்துப் பேசுகிறது, மேசைக்கு மேசை பேர் சொல்லி வாழ்த்துகிறது. இவருக்குப் பிறந்தநாள், இவர்களுக்குத் திருமண நாள் என்று அது சொன்னதும் சமையலறையிலிருந்து மத்தாப்பு வைத்த கேக் வரும், கூடமே பாடும்.

பன்றிக்கறித் துண்டு போட்ட பான்கேக்கில் நான் வெல்லப்பாகை ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது மரம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "ஹார்ம் தாத்தா! பழைய வீட்டை விட்டுட்டுப் புது வீட்டுக்குக் குடிபோறீங்களாமே! வாழ்த்துகள்!" என்றது. யாரோ வேறு ஒரு ஹார்ம் என்று நினைத்து, லீஸ்பெத், நானும் கை தட்டினேன். நல்ல பலமாகவே தட்டினேன், திரும்பித் திரும்பி அந்தக் கிழவன் எந்த மேசையில் இருக்கிறான் என்று தேடினேன். கேக் என் முன்னால் வந்து நின்றது, நோர் என் தலையில் காகிதக் கிரீடத்தை வைத்தாள். அப்போதுதான் உன் அண்ணன் முகத்தைப் பார்த்தேன், சுவர்போல வெளுத்திருந்தது.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், நல்ல காரியம் ஒருவருக்கு என்றால் வாழ்த்து வீட்டார் எல்லோருக்கும் உண்டு. பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து முதலில் என் கையைக் குலுக்கினார்கள், பிறகு யோரிஸிடம் "அப்பாவோட புது வீட்டுக்கு வாழ்த்துகள்", மார்லூஸிடம் "மாமனாரோட புது வீட்டுக்கு வாழ்த்துகள்", குழந்தையிடம் "தாத்தா வீட்டுக்கு வாழ்த்துகள்டா செல்லம்". உன் அண்ணன் அத்தனைக்கும் நன்றி நன்றி என்று வாங்கிக்கொண்டான். தெற்கத்தி ஆள் ஒருவர், நல்ல மனுஷன், "எத்தன ரூம்பு சார்?" என்று என்னைக் கேட்டார், நான் யோரிஸைப் பார்த்தேன், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு "ஒன்னுதான், ஆனா நல்லா வெளிச்சமா இருக்கும்" என்றான். என் புது வீட்டில் எத்தனை அறை என்று நான் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

மார்லூஸ் அழுதாள். "புக் பண்ணும்போது என்ன விசேஷம்னு கேட்டாங்க மாமா, சும்மா ஒரு கேக் குடுப்பாங்கன்னு நெனச்சுச் சொல்லிட்டேன், காபி குடிக்கும்போது அந்த முதியோர் இல்லத்தைப் பத்திப் பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தோம், மரம் முந்திக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். ஏன் வீட்டில் வைத்துச் சொல்லவில்லை என்று கேட்டேன். யோரிஸ் கேக்கைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே "இங்கன்னா கொழந்தைங்க நடுவுல நீங்க கத்த மாட்டீங்கன்னுதான்" என்றான். சமைத்தவர் முகத்துக்கு நேரே சூப்பில் உப்பில்லை என்று சொல்லி வளர்ந்த குடும்பம் நம்முடையது. அம்மாவுக்கு வந்த நோய் தீராது என்று டாக்டர் சொன்னபோதும் ஒளிக்காமல்தான் சொன்னார், எல்லோரும் உட்கார்ந்து காபி குடித்தோம். இப்போது முழுப் பூசணிக்காயைப் பான்கேக்கில் மறைக்கப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, கிரீடத்தோடு எப்படிக் கத்துவது?

நான் கேட்டது ஒன்றே ஒன்று, லீஸ்பெத்துக்குத் தெரியுமா என்று. நோர்தான் கேக்கைத் தின்றுகொண்டே, "அத்தைக்குத் தெரியும் தாத்தா, போன்ல 'ஆமா, அதுதான் நல்லது, நான் வந்தாலும் ஹோட்டல்ல தங்கிக்குவேன்'னு சொன்னாங்களே" என்றாள். குழந்தையை யாரும் அதட்டவில்லை, அதட்டவும் கூடாது, அந்த மேசையில் நம் குடும்ப வழக்கப்படி நேராகப் பேசியது அவள் ஒருத்திதான். மீதிப் பான்கேக்கை நான் கடைசித் துண்டுவரை சாப்பிட்டேன், வீணாக்கக்கூடாது.

அதே பிஸ்கட் வீட்டில் நீ ஒருமுறை அழுதது உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. அண்ணனையும் தங்கையையும் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று சித்தி சொல்லும் கதையை அம்மா சொன்னாள். உனக்குச் சூனியக்காரி மேல் பயமில்லை, சித்தி மேல் கோபமில்லை, "அந்த அப்பா ஏன் ஒன்னும் சொல்லல? ஏன் சும்மா இருந்தாரு?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாய். இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன், மகளே, நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

திரும்பும்போது காரில் யோரிஸ் அவன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான், அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். "அக்டோபர்ல மாடிப்படியில விழுந்து கைய ஒடச்சுக்கிட்டீங்களேப்பா, சமையல், படுக்கை எல்லாம் கீழதான, மேல ஏற வேண்டிய அவசியம் என்ன? மேல என்ன இருக்கு?" என்று கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். உன்னிடம் சொல்கிறேன், மேலே உன் அறை இருக்கிறது. கடல் காற்றுக்கு மூடியே கிடந்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், மெத்தை நாறும். அதனால் வாரத்தில் ஒரு நாள் ஏறி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு இறங்குவேன். நம் வீட்டுப் படி ஏணிக்குத் தம்பி என்பது உனக்கே தெரியும். இந்தக் கோடைக்கு வருகிறேன், அடுத்த கோடைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று நீதான் சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் அதை நம்பினேன்.

இன்று காலை யோரிஸைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். அவனுக்கே ஆச்சரியம், வாதாடத் தயாராக வைத்திருந்ததையெல்லாம் பாவம் என்ன செய்வான். இல்லத்தில் அந்த ஒற்றை அறை எனக்குப் போதும், நான் ஒருவன்தானே. இவ்வளவு பெரிய வீட்டை நான் பிடித்துக்கொண்டிருந்தது எனக்காக என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துவிட்டீர்கள், அதுதான் எனக்குக் கசக்கிறது.

உன் பனிச்சறுக்குக் காலணி, பள்ளிக்கூடப் பெட்டி, அம்மா பின்னிய நீலப் போர்வை, எல்லாம் மேலேயே இருக்கின்றன. எது வேண்டும், எதை நோருக்குக் கொடுக்கலாம் என்று மார்ச் முடிவதற்குள் எழுது, மறக்காதே. ஹோட்டல் எடுப்பதானால் துறைமுகத்துப் பக்கம் எடுக்காதே, கடற்பறவைகள் தூங்கவிடாது. அலமாரிக்கு ஆணி அடி. நீயும் உன் வீட்டுக்காரனும் உடம்புக்கு ஒன்றும் வராமல், சண்டை சச்சரவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், இதை மனதாரத்தான் சொல்கிறேன், கோபத்திலும் அது மாறாது.

இன்னொன்று, நேற்று அந்தக் கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட வீட்டார் அத்தனை பேர் கையையும் குலுக்கினார்கள், நீ மட்டும் விட்டுப்போய்விட்டாய். ஆகவே, லீஸ்பெத், உன் அப்பாவின் புது வீட்டுக்கு உனக்கு என் வாழ்த்துகள்.

அப்பா
ஹார்ம்